சாப்பிட்டுவிட்டு வரவேண்டிய ஊசி

என் உடம்பில் இதுவரை இறங்கியிருக்கும் பென்சிலினைச் சேர்த்துவைத்திருந்தால் ஒரு பித்தளை அண்டா நிரம்பியிருக்கும் என்பார் என் கணவர். குரோம்பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருப்பவருக்கு எதையும் அண்டாவிலும் குடத்திலும்தான் அளக்கத் தெரியும். ஊசி போட்ட நாளில் நான் ஒரு காலை இழுத்து இழுத்துக் கடைக்குள் நுழைந்தால், "பன்னெண்டு லட்சத்தைச் சுமந்துகினு வர்றா, வழி விடுங்க" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். ஊசியின் அளவு பன்னிரண்டு லட்சம் யூனிட். அந்தக் கேலிக்குச் சிரித்துச் சிரித்து எனக்கு அலுத்துவிட்டது, அவருக்கு இன்னும் அலுக்கவில்லை.

அது மற்ற ஊசிகளைப் போல இல்லை. குப்பிக்குள் வெள்ளைத் தூளாக இருக்கும். தண்ணீர் விட்டுக் குலுக்கினால் கெட்டிப் பாலாகும். மெல்லிய ஊசியில் ஏறாது. இடுப்புச் சதையில் ஆழமாக இறக்க வேண்டும். வேகமாக அழுத்தினால் உயிர் போகும், மெதுவாக அழுத்தினால் பாதியில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் வேறு ஊசி மாற்றி மறுபடியும் குத்துவார்கள். உள்ளே போன மருந்து சதையிலேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். பிறகு மறுபடியும் போய்ப் படுக்க வேண்டியதுதான்.

இதெல்லாம் ஒரு தொண்டை வலியில் தொடங்கியது. கீழ்க்கட்டளையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயது. தொண்டை வலித்தது, காய்ச்சல் அடித்தது, உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், போய்விட்டது. சில வாரம் கழித்து ஒரு முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் மறு முழங்கால். அப்புறம் கணுக்கால். வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலிதான் என்று அம்மா தைலம் தேய்த்துவிட்டார். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனோம். என் நெஞ்சில் குழாயை வைத்தவர் எடுக்கவே இல்லை. தொண்டைக்கு வந்த கிருமியோடு உடம்பு போட்ட சண்டையில் இதயத்தின் வால்வும் சேர்ந்து அடிபட்டுவிட்டது என்று அப்பாவிடம் சொன்னார். அடிபட்டதைச் சரிசெய்ய ஊசியால் ஆகாது. அந்தக் கிருமி மறுபடியும் தொண்டைக்கு வந்து, மறுபடியும் சண்டை மூண்டு, வால்வு மறுபடியும் அடிபடாமல் காவல் காக்கத்தான் ஊசி. நோயைக் குணமாக்குவதற்காக இல்லாமல், நோய் வரவே கூடாது என்று ஆயுசுக்கும் ஒரு ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. என் மாமியார் வீட்டில் நான் ஏதோ சத்து ஊசி போட்டுக்கொள்வதாகவே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த டாக்டரிடமேதான் கல்யாணத்துக்குப் பிறகும் போய்க்கொண்டிருந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் அவருடைய கிளினிக். அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. வெறும் வயிற்றோடு வரக் கூடாது. ஒவ்வொரு முறையும் முன்கையில் ஒரு துளி போட்டுப் பார்த்து, தடிப்பு ஏதும் வராவிட்டால்தான் முழு ஊசி. போட்ட பிறகு அரை மணி நேரம் வெளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நொடியில் உயிருக்கு ஆபத்து வரும் என்பதால் அந்த அரை மணி. ரமலானில் மட்டும் எனக்காக நேரத்தை மாற்றிவைத்திருந்தார். நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மஃரிப் தொழுதுவிட்டுப் போவேன். "கஞ்சி உள்ள போச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியையே கையில் எடுப்பார்.

அந்த பெஞ்சில்தான் அவள் எனக்குக் கிடைத்தாள். சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் வீடு. ஒரு காலத்தில் அங்கே பயிர் வைத்திருந்து, இப்போது அதே நிலத்தில் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பத்துக்கு வாக்கப்பட்டவள். என்னைவிட நிறைய சின்னவள். அவளுக்கும் அதே கதை, அதே ஊசி. வால்வு மட்டும் வேறு மாதிரி அடிபட்டிருந்தது. என்னுடையது லேசாகக் கசியும். அவளுடையது சுருங்கிப்போயிருந்தது. முதல் நாள், ஊசி போட்ட பக்கத்தில் பாரம் விழாமல் நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அவளும் வெளியே வந்து அப்படியே எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அடுத்த முறை சேர்ந்தே வருவது என்று அன்றைக்கே பேசிக்கொண்டோம்.

மூன்று வாரத்துக்கு ஒரு அரை மணி நேரம்தான் எங்கள் சிநேகம். அவளுக்கு என் வீட்டுக் கதை முழுவதும் தெரியும், அவள் வீட்டுக் கதை எனக்குத் தெரியும். கூடப் பிறந்தவர்களிடம் சொல்லாததை அந்த பெஞ்சில் சொல்லியிருக்கிறேன். வலிக்கிற இடத்தை ஊரறியச் சொல்ல முடியாது பாருங்கள், அது தெரிந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தால் மனசு தானாகத் திறந்துகொள்கிறது.

அவளுக்கு ஒரே ஏக்கம், பிள்ளை. இதய டாக்டர், முதலில் வால்வை விரித்துவிட வேண்டும், அதுவரை கர்ப்பம் கூடாது என்று சொல்லியிருந்தார். அவள் அந்தச் சிகிச்சைக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். "உங்களுக்கு ரெண்டு பொறந்திச்சே அக்கா, ஊசி போட்டுகினேதானே பெத்தீங்க?" என்று கேட்பாள். என் வால்வும் உன் வால்வும் ஒன்றில்லை என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஆசைப்பட்டவளுக்கு அந்த வித்தியாசம் காதில் ஏறவில்லை.

டாக்டருக்கு வயதாகி, கை நடுங்கத் தொடங்கியதும், கிளினிக்கை மூடிவிட்டு மகளோடு வெளியூர் போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மருந்துக் குப்பியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கினோம். "பென்சிலினா? நாங்க போடறதில்ல மேடம்" என்றார் ஒருவர். "ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார் இன்னொருவர். மருந்து கையில் இருக்கிறது, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறது, குத்த ஆளில்லை. மூன்று வாரம் தாண்டிப்போகிறதே என்று நான் விரல்விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது அதனால் மட்டும் இல்லை. எங்களைத் திருப்பி அனுப்பிய அதே கிளினிக்கில், மூக்கு ஒழுகியபடி வந்த ஒருவருக்கு அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் சீட்டே கேட்பதில்லை. "சளியா சார்? மூணு நாள் போடுங்க, சரியாயிடும்" என்று அட்டையிலிருந்து மூன்று மாத்திரையைக் கிழித்துக் கொடுக்கிறார்கள், மிட்டாய் கொடுப்பது போல. ஜலதோஷத்துக்கு அது ஒன்றும் செய்யாது, தானாக வந்தது தானாகப் போகும். ஆனால் நம் ஊரில் வீட்டுக்கு வீடு அதைத்தான் விழுங்குகிறார்கள். தேவையே இல்லாதவனுக்குத் தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் கடைகடையாகக் கிடைக்கிற மருந்து, தேவைப்படுகிறவள் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினாலும் உடம்புக்குள் போகவில்லை. இதைச் சொல்லி அன்றைக்கு ஆட்டோவில் நான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் ரோட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தாள்.

கடைசியில் தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் ஒப்புக்கொண்டார்கள். இளம் டாக்டர். பொறுமையாகச் சீட்டைப் படித்தார், பழைய டாக்டரின் சட்டங்களையே அவரும் சொன்னார். எங்களுக்குப் பெஞ்சும் கிடைத்தது. பழைய நாட்கள் திரும்பிவிட்டதாகவே நினைத்தேன்.

அங்கே போகத் தொடங்கிச் சில மாதங்கள் இருக்கும். அன்றைக்கு அவள் வரும்போதே நெற்றி நிறைய விபூதி. நான் வழியில் டீ வாங்கித் தரட்டுமா என்றதற்கு, "வேணாங்க்கா, இப்பதான் வூட்ல குடிச்சிட்டு வந்தேன்" என்றாள். நர்ஸ் கேட்டபோதும், "சாப்ட்டேன் சிஸ்டர்" என்றாள். எனக்கு முதலில் போட்டார்கள். நான் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன். அவள் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள், என்னைப் பார்த்துச் சிரிக்கப் போனவள் சுவரைப் பிடித்தாள். கண் மேலே போனது. அப்படியே சரிந்துவிட்டாள்.

அந்த இடமே அல்லோலகல்லோலப்பட்டது. இளம் டாக்டர் ஓடிவந்தார். படுக்கவைத்து, காலைத் தூக்கிவிட்டு, அவசர மருந்து போட்டு, ஆக்சிஜன் வைத்தார்கள். அவர் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். அவர் பயத்தைத் தப்பு சொல்ல மாட்டேன். பென்சிலின் போட்ட கையோடு ஒருத்தி விழுந்தால் எந்த டாக்டரும் முதலில் நினைப்பது அதைத்தான். நினைக்கவும் வேண்டும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் கடையில் தினக் காலண்டர் தொங்குகிறது. முகூர்த்தமும் அமாவாசையும் பார்க்காமல் இந்த ஊரில் பாத்திர வியாபாரம் செய்ய முடியாது. அன்று காலை அந்தத் தாளைக் கிழித்தவள் நான்தான். சஷ்டி. சஷ்டி தவறாமல் அவள் முருகன் கோயிலுக்குப் போவாள் என்பதும் எனக்குத் தெரியும். பட்டினி கிடந்து போகிறாள் என்பதுதான் தெரியாது.

"டாக்டர், இந்தப் பொண்ணு காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிச்சிருக்க மாட்டா. இன்னிக்கு சஷ்டி. பசி மயக்கமா இருக்கும்" என்றேன்.

அதற்குள் கண் விழித்திருந்த அவளிடம் அவர் குனிந்தார். "சாப்ட்டீங்களா இல்லையாம்மா? உண்மையச் சொல்லுங்க, தப்பில்ல."

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "சாப்ட்டேன் சார்" என்றாள்.

அதோடு முடிந்தது. அவளுடைய ஃபைலின் மேல்பக்கத்தில் சிவப்பு மையில், பென்சிலின் அலர்ஜி என்று பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டார்கள். ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவதாக ஆம்புலன்சில் ஏற்றினார்கள். நான் மறுபடியும் அந்த டாக்டரிடம் போய் நின்றேன். "மேடம், பேஷண்டே சாப்ட்டேன்னு சொல்றாங்க. நீங்க சொல்றத வச்சு நான் எப்படி அத அழிக்க முடியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பக்கத்தில் யாரும் இல்லாதபோது அவளே சொன்னாள்.

"பட்டினிதான்க்கா. எட்டு சஷ்டியா இருக்கேன், தண்ணிகூடக் குடிக்கிறதில்ல."

"அப்பறம் ஏன்டி சாப்ட்டேன்னு சொன்ன?"

"எதுக்கு விரதம்னு கேப்பாங்கள்ல? புள்ளைக்குன்னு எப்படிச் சொல்றது? கூடாதுன்னு அவங்கதானே சொல்லி வச்சிருக்காங்க. அதுவும் இல்லாம, வேண்டுதல வெளிய சொன்னா பலிக்காதுக்கா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிள்ளைக்காக விரதம் இருப்பதில் எனக்கு ஒரு சண்டையும் கிடையாது, நானும் நோன்பு வைக்கிறவள்தான். இப்போதே டாக்டரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல் என்றேன். அந்தச் சிவப்பு எழுத்து உன் ஃபைலில் இருக்கும்வரை இந்தப் பக்கத்தில் ஒருத்தரும் உனக்கு ஊசி போட மாட்டார்கள் என்றேன். திட்டினேன், கெஞ்சினேன். அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஊசிக்கு பதிலா வேற மாத்திர தராங்களாம்க்கா. வலியாவது மிச்சம்" என்றாள். அதற்குள் அவள் கணவர் காபியோடு வந்துவிட்டார். சொல்லிவிடாதீர்கள் என்று அவள் கண்ணால் கெஞ்சினாள், நான் வாயை மூடிக்கொண்டேன்.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கென்று வேறு குடும்பத்து மாத்திரை இருக்கிறது. காலையும் மாலையும் தினம் தவறாமல் போட வேண்டும். ஊசியைப் போல ஒரு முறை வலியைப் பொறுத்துக்கொண்டு மூன்று வாரம் மறந்துவிட முடியாது. அவளுக்கு அது வயிற்றைப் புரட்டியது, எரிந்தது. ஒரு வேளை விட்டாள், பிறகு ஒரு நாள் விட்டாள். போனில் கேட்டால், "போட்டுகினுதான் இருக்கேன்க்கா" என்பாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும், சாப்பிட்டேன் என்று சொன்ன அதே குரல். பெஞ்சில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு ஒருநாள் போன் வந்தது. எடுத்ததும் அழுகை. எனக்குப் பதறிப்போனது. "முருகன் கண்ணத் தொறந்துட்டான்க்கா" என்றாள். நானும் அழுதேன். சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அவளுடைய டாக்டர்கள் கடிந்துகொண்டார்கள் என்றும், அடிக்கடி வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். மாத்திரை போடுகிறாயா என்றேன். பேச்சை மாற்றினாள்.

அந்த வாரமே சிட்லபாக்கம் போனேன். அவள் மாமியார் வாசலிலேயே வரவேற்று, தட்டில் பூவும் பழமும் வைத்துக் கொடுத்தார். நல்ல மனுஷி, மருமகளைத் தரையில் கால் வைக்க விடாமல் பார்த்துக்கொண்டார். மாத்திரை என்று நான் ஆரம்பித்ததும் முகம் மாறியது.

"புள்ள வயித்துல கீது. கண்ட மாத்திரையும் எதுக்குப் போட்டுகினு? நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

"நான் ரெண்டு பிள்ளையும் வயித்துல இருக்கச்சே ஊசியே போட்டேன்ம்மா. பென்சிலின் பிள்ளைக்கு ஒண்ணும் பண்ணாது. இந்த மாத்திர நின்னாதான் ஆபத்து."

"உங்க ஒடம்புக்கு ஒத்துகிச்சு. இவளுக்குத்தான் ஆவவே ஆவாதுன்னு டாக்டரே எய்திக் குடுத்துட்டாரே."

நான் அவளைப் பார்த்தேன். இப்போதாவது சொல் என்று பார்த்தேன். அவள் வயிற்றின் மேல் கையை வைத்தபடி, "ஆமாக்கா. அன்னிக்கு செத்துப் பொழச்சேன்ல?" என்றாள். அதில் பொய் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. சும்மா சொன்னதாக எனக்குக் கண்ணைக் காட்டுவாள் என எதிர்பார்த்தேன், அவள் கண்ணில் நிஜமான பயம் இருந்தது. வருகிறவர் போகிறவரெல்லாம், மறுபிறவி எடுத்து வந்திருக்கிறாய் என்று சொல்லிச் சொல்லி, பட்டினி கிடந்தது அவளுக்கே மறந்துபோயிருந்தது. அந்த வீட்டுக் கூடத்தில் பென்சிலின் அவளுக்கு விஷம் இல்லை என்று நம்பியவள் நான் ஒருத்திதான்.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. ஏரி ததும்பி, அவர்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். மழையில் எல்லோருக்கும் வருகிற தொண்டை வலி அவளுக்கும் வந்தது. வீட்டில் கஷாயம் போட்டுக் கொடுத்தார்கள். தொண்டை சரியானது. அப்புறம் முழங்கால் வீங்கியது. கர்ப்பத்தில் கால் வீங்குவது சகஜம் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வீக்கத்தை நான் தெரிந்துகொண்டிருப்பேன். அது என்னுடைய சின்ன வயது வீக்கம்தான், சரியாக அதேதான்.

படுத்தால் மூச்சு விட முடியவில்லை என்றான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் கணவர் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, கொஞ்சம் வாங்க, உங்கள கேக்கறா" என்றார். நான் போனபோது பிள்ளை போய்விட்டிருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாமியார் வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததிலேயே தெரிந்தது.

உள்ளே ஒரு மூத்த பெண் டாக்டர் அவளுடைய ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சிவப்பு எழுத்தைக் காட்டி, "அன்னிக்கு என்னதான் ஆச்சு? ஒடம்பெல்லாம் தடிச்சுதா? அரிச்சுதா? மூச்சு இழுத்துச்சா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை இல்லை என்று தலையாட்டினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவர் அந்தப் பக்கம் நிற்கிறார், மாமியாரும் எழுந்து வந்து கதவருகே நிற்கிறார்.

"அன்னிக்கு நான் சாப்பிடல மேடம்" என்றாள். "ராத்திரியிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல. சஷ்டி. புள்ளைக்காக இருந்தேன்."

டாக்டர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அவசர மருந்தெல்லாம் பக்கத்தில் எடுத்துவைத்துக்கொண்டு, முறைப்படி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. தடிப்பில்லை, அரிப்பில்லை, ஒன்றும் இல்லை. அந்தச் சிவப்பு எழுத்தின் மேல் கறுப்பு மையில் ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டார் டாக்டர். அவ்வளவு சுலபமாக அடிக்க முடிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற மாமியார், "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வேணாம்னு தடுத்திருப்பேனேம்மா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

வால்வை விரிக்கும் நிலையெல்லாம் தாண்டிப்போயிருந்தது. நெஞ்சைத் திறந்து, பழைய வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. அந்த மாத்திரை கருவில் இருக்கும் பிள்ளைக்கு ஆகாது, அது இல்லாவிட்டால் அவளுக்கு ஆகாது. இனிமேல் பிள்ளை என்ற பேச்சை எடுக்க வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். குத்தினால் உள்ளே ரத்தம் நிற்காது என்பதால் சதையில் ஆழமாக ஊசியும் போட முடியாது. அதனால் பென்சிலினையே மாத்திரையாகக் கொடுத்தார்கள். இத்தனை நாள் விஷம் என்று பயந்து ஒதுக்கிய அதே மருந்தை இப்போது இரண்டு வேளையும் தண்ணீரோடு விழுங்குகிறாள். ஒரு வேளையும் தவறுவதில்லை.

அவளுக்கு இனி தாம்பரம் நர்சிங் ஹோமில் வேலையே இல்லை. ஆனாலும் என் ஊசி நாளில் வருகிறாள். முதல் முறை வந்தபோது, நடக்கவே தள்ளாடியபடி படியேறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வலிக்கிற பக்கத்தைத் தூக்கிச் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் பழக்கதோஷத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தாள், பிறகு நினைவு வந்து நேராக உட்கார்ந்துகொண்டாள். அந்த அறையில் கடிகாரம் டிக் டிக் என்று கேட்டது. எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று சுவரில் தேடினேன். கடிகாரம் இல்லை. அவள் நெஞ்சிலிருந்து வந்தது.

"ராத்திரியில இன்னும் சத்தமா கேக்கும்க்கா" என்றாள். "மொதல்ல தூக்கம் வரல. இப்ப பழகிடுச்சு."

முன்போல நாங்கள் பேசுவதில்லை. பேச இருந்தது ஒன்றே ஒன்று, அதைப் பேச முடியாது. என் பேரப்பிள்ளை பிறந்ததைக்கூட நான் அவளிடம் தாமதமாகத்தான் சொன்னேன். கேட்டதும், "கொழுகொழுன்னு இருக்கானா?" என்றாள். ஆமாம் என்றேன்.

போன முறை போனபோது எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் விபூதி இல்லை. மடியில் டிபன் பாக்ஸ். திறந்து இட்லியும் பொடியும் எடுத்து, "சாப்ட்டுட்டுப் போங்கக்கா, அப்பறம் உள்ள போவலாம்" என்று நீட்டினாள். வீட்டில் சாப்பிட்டுத்தான் வந்தேன் என்றேன். அவள் நம்பவில்லை, இன்னும் ஒன்று சாப்பிடுங்கள் என்று கையில் வைத்தாள். நான் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

காலையில் கடையில் நான் கிழித்த தாள் நினைவுக்கு வந்தது.

"இன்னிக்கு சஷ்டியாச்சே" என்றேன்.

"ஆமாக்கா" என்றாள், இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே.